26 மூட்டு, ஒரு டின் ஜிங்க் பெயிண்ட், நான்கு வருடம்

ஜிஐ பைப்பில் (ஜிங்க், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒரு ஸ்டாண்டு செய்யப் போகிறாராம் நண்பர். வெல்டிங் செய்த இடத்துக்கு என்ன அடிக்கலாம் என்று கேட்டார். அதே பைப்பில் செய்த என் வீட்டு வெளிப்படிக்கட்டின் கைப்பிடி நான்கு வருடமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. நேற்று அதை மூட்டு மூட்டாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பற்றவைக்கும் சூட்டில் மூட்டைச் சுற்றி ஜிங்க் எரிந்துபோகும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அடித்தது டின்னில் வரும் ஜிங்க் ரிச் பெயிண்ட், அதாவது ஜிங்க் தூள் நிறைந்த பெயிண்ட். கசடைத் தட்டி, தெறித்த உருண்டைகளைக் கிரைண்டரில் எடுத்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பிரஷ்ஷால் இரண்டு கோட். மொத்தம் 26 மூட்டு. 24 இன்றும் அதே சாம்பல் நிறத்தில் இருக்கின்றன.

அதில் ஒரு மூட்டை மட்டும் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். இரண்டாம் வருடம் ஏணியை இழுத்தபோது அதன் மேல் இரும்பு தெரிய ஒரு கீறல் விழுந்தது. சாதாரண பெயிண்டாக இருந்தால் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கோடு சிவந்து, அடியில் துரு புகுந்து, பெயிண்ட் செதில் செதிலாக எழும்பியிருக்கும். இங்கே கீறலின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி பூத்தது, அவ்வளவுதான். ஜிங்க் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மீதி இரண்டு மூட்டைப் பார்த்தால்தான் ஆத்திரம் வருகிறது. ஜிங்க், தண்ணீரைவிட ஏழு மடங்கு கனம். கொஞ்ச நேரம் கலக்காமல் வைத்தால் தூள் முழுக்க டின்னின் அடியில் போய் இறுகிவிடும். கடைசி இரண்டு மூட்டுக்கும் நான் அடித்தது மேலே நின்ற தெளிவைத்தான். நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை. காய்ந்த பூச்சில் ஜிங்க் தூள்கள் ஒன்றையொன்று தொட்டு, இரும்பையும் தொட்டால்தான் காப்பு. அந்த இரண்டும் எட்டே மாதத்தில் சிவந்துவிட்டன. டின்னில் 'நன்கு கலக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. அடிக்கும்போதும் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சேர்த்துப் போட்டிருக்க வேண்டாமா?

அப்புறம், பளபளப்பைப் பார்த்து ஸ்ப்ரே வாங்க வேண்டாம். பளபளப்புக்காக அலுமினியத் தூள் சேர்த்தவையும் உண்டு. காய்ந்த பூச்சில் எத்தனை சதவீதம் ஜிங்க் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

சரி, 26க்கு 24 தாங்கிய பொருளை நண்பருக்குச் சொன்னேனா? இல்லை. ஜிங்க் பூசாத கருப்பு பைப்பில் வெல்டிங்கை முடித்து, பிறகு முழுசாக ஹாட் டிப்புக்கு, அதாவது உருகிய ஜிங்கில் முக்கியெடுக்க அனுப்பச் சொன்னேன். பைப்பில் துளை போட்டுத்தான் அனுப்ப வேண்டும், மூடிய பைப் 450 டிகிரி ஜிங்கில் வெடிக்கும். அந்தத் துளை வழியாக ஜிங்க் பைப்புக்குள்ளும் போய்ப் பிடிக்கும். பெயிண்ட் அடித்துச் சரிசெய்யும் டச் அப் எல்லாம் சின்ன இடத்துக்குத்தான். ஹாட் டிப்புக்கான ஐஎஸ்ஓ 1461 தரமே, பூச்சு பிடிக்காத இடம் மொத்தப் பரப்பில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது.

வெளியே எரிந்த ஜிங்க் உள்ளேயும்தானே எரிந்திருக்கும்? அங்கே என் பிரஷ் போகவில்லை. நேற்று கீழ்ப் பைப்பின் திறந்த முனைக்குள் விரலை விட்டு எடுத்தேன். பழுப்பாக ஒட்டியிருந்தது.