கர்னல் கான்ஃபிக்: மெனுவா, செட்டா, ஸ்கிரிப்டா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை நாமே சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும்போது எது உள்ளே, எது வெளியே என்பதை முடிவு செய்வது '.கான்ஃபிக்' என்ற ஒரே ஃபைல்தான். ஆயிரக்கணக்கான வரிகள். 'ஒய்' என்றால் கர்னலுக்குள்ளேயே சேரும், 'எம்' என்றால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூலாக வரும், வேண்டாமென்றால் 'இஸ் நாட் செட்' என்று ஒரு வரி. ஒரே ஒருமுறை கட்டிப் பார்ப்பவர் எப்படி மாற்றினாலும் சரி. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அதே மாற்றங்களைத் திரும்பச் செய்ய வேண்டியவருக்குத்தான் இந்த அலசல். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கேட்டது கிடைக்காமல் போனால், அதை யார் நமக்குச் சொல்வார்கள்?

மெனுவில் தேர்ந்தெடுக்க வைக்கும் 'மேக் மெனுகான்ஃபிக்' சொல்லும். ஒரு வசதி எதைச் சார்ந்திருக்கிறது, எது அதை இழுத்துவருகிறது என்பதையெல்லாம் சாய்கோட்டை அழுத்தித் தேடினால் காட்டிவிடும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் என்னென்ன மாற்றினோம் என்ற பதிவு எங்கும் மிஞ்சாது. அடுத்த பதிப்புக்கு மறுபடி மெனுவுக்குள் இறங்க வேண்டியதுதான்.

அலுத்துப்போனவர்கள் அடுத்துக் கைவைப்பது ஃபைலில் உள்ள எழுத்தைத் தேடி மாற்றும் 'செட்' (sed) கட்டளையில். 'ஒய்' இருக்கும் இடத்தில் 'என்' போடு என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. அந்த வசதி 'எம்' என்று இருந்தால் செட் எதையும் மாற்றாது. மாற்றாமலேயே வெற்றி என்று சொல்லிவிட்டு வெளியேறும். சரி, வரியையே அழித்துவிடலாம் என்றால் அது இன்னும் மோசம். 'இஸ் நாட் செட்' வரி ஹேஷ் குறியோடு தொடங்குவதால் வெறும் கமென்ட் போலத் தெரியும். ஆனால் கர்னலின் கான்ஃபிக் கருவி அதைப் படிக்கிறது. வரியே இல்லையென்றால், பழைய கான்ஃபிகைப் புதிய சோர்ஸுக்குப் பொருத்தும் 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' அதை இன்னும் பதில் சொல்லாத கேள்வியாக எடுத்துக்கொண்டு இயல்பு மதிப்பைப் போடும். அது 'ஒய்' என்றால், நீங்கள் அழித்தது அப்படியே திரும்பி வந்து உட்காரும்.

இதற்காகவே சோர்ஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக்' என்ற பேஷ் ஸ்கிரிப்ட் இருக்கிறது. உள்ளே பார்த்தால் அதுவும் செட்டைத்தான் நம்பியிருக்கிறது. ஆனால் எல்லா வடிவ வரிகளையும் சரியாகக் கையாளும். உபுண்டுவின் பூட் டைரக்டரியில் உள்ள கான்ஃபிகை எடுத்து வெறும் கர்னல் சோர்ஸைக் கட்டினால், 'டெபியன்/கனானிக்கல்-சர்ட்ஸ்.பெம்' என்ற சான்றிதழ் ஃபைல் இல்லை என்று பில்ட் நிற்கும். அங்கே இந்த ஸ்கிரிப்ட்டுக்கு 'செட்-எஸ்டிஆர்' (set-str) கொடுத்து 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்' மதிப்பைக் காலியாக்கினால் போதும். புதிய பதிப்புகளில் ரெவொகேஷன் கீஸுக்கும் இதையே செய்ய வேண்டும்.

ஆனால் இந்த ஸ்கிரிப்ட் எழுதும், சரிபார்க்காது. பிழை தேட உதவும் தகவலைக் கர்னலில் சேர்க்கும் 'டீபக்_இன்ஃபோ' இதற்கு நல்ல சாட்சி. பில்ட் பெருத்துப்போகிறதே என்று அதை 'டிசேபிள்' செய்வது நெடுநாள் வழக்கம். 5.18 பதிப்பில் அது வேறொரு தேர்வு இழுத்துவரும் மறைமுக வசதியாகிவிட்டது. பழைய கட்டளை இன்றும் முணுமுணுக்காமல் ஓடும். ஓல்ட்டெஃப்கான்ஃபிக் வந்ததும் டீபக் தகவல் பழையபடி 'ஒய்' ஆகிவிடும். இப்போது 'டீபக்_இன்ஃபோ_நன்' என்பதை 'எனேபிள்' செய்ய வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை விட்டாலும் இதே கதைதான்: வரி சேரும், அடுத்த கட்டத்தில் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

நான் நிரந்தரமாக வைத்துக்கொள்வது நான்காவது வழியை. வேண்டிய மாற்றங்களை மட்டும் சின்னச் சின்ன ஃபைல்களாக, ஃபிராக்மென்ட்களாக எழுதி, 'மெர்ஜ்_கான்ஃபிக்.எஸ்எச்' கொண்டு அடிப்படைக் கான்ஃபிகின் மேல் சேர்ப்பது. ஒரே வசதி இரண்டு ஃபைலில் இருந்தால் பின்னால் வருவது வெல்லும். மதிப்பு மாறியதை அது சொல்லவும் செய்யும். மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் கிட்டில் போட்டால் யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பது அப்படியே தெரியும். சிறு கருவிகளுக்கான லினக்ஸைக் கட்டித்தரும் பில்ட்ரூட், யோக்டோ இரண்டிலும் ஃபிராக்மென்ட் வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் கேட்ட மதிப்பையும் கிடைத்த மதிப்பையும் ஒப்பிட்டு, பொருந்தாததைப் பெயர் சொல்லிக் காட்டும். மேலே சொன்ன டீபக் விவகாரம் இங்கே முதல் ஓட்டத்திலேயே அகப்பட்டுவிடும்.

தொல்லையும் உண்டு. பழைய பதிப்பின் பெரிய கான்ஃபிகை அடிப்படையாகக் கொடுத்தால் இந்தப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். நமக்கு வேண்டிய ஒரு வரி அதற்குள் புதைந்துபோகும். தானாகவே பில்ட் ஓட்டும் சிஐயில் அதை யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் என் ஃபிராக்மென்ட்டின் ஒவ்வொரு வரியும் இறுதிக் கான்ஃபிகில் இருக்கிறதா என்று 'கிரெப்' என்ற தேடும் கட்டளையைப் போட்டுப் பார்த்து, இல்லையென்றால் பில்டை நிறுத்தும் சின்ன லூப் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். 'இஸ் நாட் செட்' வரிகளுக்கு மட்டும் அந்த லூப் வேறு மாதிரி வேண்டும். சார்ந்திருக்கும் வசதி அணைந்திருந்தால் அந்த வரியே இறுதி ஃபைலில் வராது. அங்கே வரி இருக்கிறதா என்று தேடாமல், அதே பெயரில் 'ஒய்' அல்லது 'எம்' இல்லாமல் இருக்கிறதா என்று தேடுங்கள்.