தினம் ஒரு டாரட் சீட்டு: வெய்ட் கட்டா, தோத் கட்டா, மார்செய் கட்டா?

காலையில் ஒரே ஒரு டாரட் சீட்டை எடுத்து, அதிலுள்ள படம், ராசி, புராணம் மூன்றையும் சேர்த்து யோசிக்கிற பழக்கத்துக்கு எந்தக் கட்டு வாங்கலாம் என்று கேட்டால், பேச்சு கடைசியில் மூன்று கட்டுகளில் வந்து நிற்கும். ரைடர்–வெய்ட், தோத், மார்செய். நான் வெய்ட் பக்கம். மற்ற இரண்டையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆனால் தினசரிப் பழக்கம் என்று வரும்போது வெய்ட் கட்டு வெகுதூரம் முன்னே நிற்கிறது. அதற்குக் காரணம் ஒன்றுதான். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டாரட் 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. அதன் பழைய முகத்தை இன்றும் காட்டுவது மார்செய் கட்டு. வெய்ட் கட்டு 1909-இல் லண்டனில் வெளிவந்தது. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். தோத் கட்டை ஆங்கில மறைஞானி அலிஸ்டர் குரௌலி சொல்லச் சொல்ல 1938 முதல் 1943 வரை ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்தார். அச்சில் சீட்டுக்கட்டாக வந்தது 1969-இல். அழகில் தோத் கட்டை மிஞ்ச ஆளில்லை. கைக்கு அடக்கமாக இருப்பது வெய்ட். தோத்தின் பெரிய பதிப்பைக் கலைக்க இரண்டு கையும் போதாது. இவையெல்லாம் ரசனையைப் பொறுத்தவை.

தீர்மானிக்கும் விஷயம் வேறு. கட்டில் 78 சீட்டுகள். சூரியன், சந்திரன், மரணம், கோபுரம் என்று எல்லோரும் பேசும் பெரிய சீட்டுகள் 22 மட்டும். அரசவைச் சீட்டுகள் 16. மிச்சம் 40-ம் கோல், கோப்பை, வாள், காசு என்ற நான்கு வகையில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட சின்னச் சீட்டுகள். அதாவது பாதிக்கும் சற்று மேலான நாட்களில் கையில் வருவது ‘காசு ஆறு’, ‘கோப்பை எட்டு’ மாதிரியான எண் சீட்டுதான். பெரிய சீட்டுகளின் அழகைப் பார்த்துக் கட்டு வாங்குபவர், நான்கு நாளில் ஒரு நாளுக்காக வாங்குகிறார். எண் சீட்டு என்ன பேசுகிறது என்று பார்த்து வாங்குவதுதான் முறை.

காசு ஆறை மூன்று கட்டிலும் எடுத்து வைத்துப் பாருங்கள். மார்செய்யில் ஆறு காசுகளும் கொஞ்சம் பூக்கொடியும் இருக்கும், அவ்வளவே. தோத்தில் ஆறு வட்டங்கள், கீழே ‘வெற்றி’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு, கூடவே சந்திரன் குறியும் ரிஷபக் குறியும். வெய்ட்டில் ஒரு காட்சி இருக்கிறது: வணிகர் ஒருவர் ஒரு கையில் தராசைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காசு போடுகிறார். காலடியில் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவர் கையில் காசு விழுகிறது, இன்னொருவர் கை ஏந்தியபடியே இருக்கிறார்.

இந்தச் சீட்டுக்குரிய இடம் ரிஷபத்தின் நடுப் பத்துப் பாகை, உரியவர் சந்திரன். 1888-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞான சபை போட்ட பொருத்தம் இது; வெய்ட், தோத் இரண்டுமே அதிலிருந்து வந்தவை. இப்போது நம் கணக்கை வைத்துப் பாருங்கள். ரோகிணி நட்சத்திரம் ரிஷபத்தில் 10 பாகை முதல் 23 பாகை 20 கலை வரை. நிராயணக் கணக்கில், அதாவது நம் பஞ்சாங்கக் கணக்கில், அந்த நடுப் பத்துப் பாகை முழுவதும் ரோகிணிக்குள் அடங்கிவிடுகிறது. ரோகிணியில் சந்திரன் என்றால் நமக்குக் கதை தெரியும். தட்சனின் மகள்கள் 27 பேரை மணந்த சந்திரன் ரோகிணியிடம் மட்டும் பிரியம் காட்டினான்; மற்றவர்கள் தந்தையிடம் முறையிட, தேய்ந்து போகச் சபித்தார் தட்சன். மறுபடி படத்தைப் பாருங்கள். ஒருவருக்கு விழுகிறது, இன்னொருவர் காத்திருக்கிறார், மேலே தராசு. பமீலா ஸ்மித் ரோகிணியை நினைத்து வரையவில்லை. ஆனாலும் அன்றைக்கு முழுதும் மனதில் வைத்து அசைபோட ஒரு கேள்வி கிடைத்துவிட்டது: நான் யாருக்கு மட்டும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்? ‘வெற்றி’ என்ற தலைப்பிலிருந்து இந்தக் கேள்வி எழாது.

இன்னொரு சீட்டு, வாள் பத்து. பலரும் பயப்படுவது. மிதுனத்தின் கடைசிப் பத்துப் பாகை, உரியவர் சூரியன். தோத் இதற்கு ‘நாசம்’ என்று பெயர் போட்டு, உடைந்த வாள்களை வரைந்து கதையை முடித்துவிடுகிறது. வெய்ட்டில் முதுகில் பத்து வாளோடு ஒருவர் குப்புறக் கிடக்கிறார். ஆனால் அவர் கிடக்கும் இடம் ஒரு நீர்க்கரை. வானம் கறுத்திருக்க, அடிவானத்தில் மஞ்சள் வெளிச்சம். நீர் அலையில்லாமல் இருக்கிறது. கையின் விரல்கள் ஆசி முத்திரையில் மடங்கியிருக்கின்றன. இராமநாதபுரத்துக்காரருக்கு இந்தப் படத்தைப் பார்த்ததும் திருப்புல்லாணி நினைவுக்கு வர வேண்டும். சூரிய குலத்து ராமன் கடலரசனிடம் வழி கேட்டு மூன்று நாள் தர்ப்பையில் கிடந்த தலம் அது. தர்ப்பசயன ராமர் சன்னிதி இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே சேதுக்கரை. மிதுனத்தின் கடைசிப் பத்துப் பாகையில் இருப்பது புனர்பூசத்தின் முதல் மூன்று பாதம்; ராமனின் நட்சத்திரமும் புனர்பூசம். (ராமன் ஜாதகத்தில் சந்திரன் கடகத்தில் என்பதால் அது நான்காம் பாதம். பாதம் வரைக்கும் பொருத்தம் தேடினால் இடிக்கும், நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) கரையில் விழுந்து கிடப்பது முடிவாகவும் இருக்கலாம், வழி கேட்டுக் கிடப்பதாகவும் இருக்கலாம். படம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, தலைப்பு கொடுப்பதில்லை.

கிளி ஜோசியச் சீட்டில் முதலில் சாமி படத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பலன் கேட்கிறோமே, அந்தப் பழக்கம் உள்ள கண்ணுக்கு வெய்ட் கட்டு தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

வெய்ட்டின் குறை ஒன்று உண்மையிலேயே பெரிது. எண் சீட்டுகளில் ராசியும் கிரகமும் அச்சிட்டிருக்காது. தோத்தில் பார்த்ததும் தெரியும். ஆனால் ஜோதிடம் கொஞ்சம் தெரிந்த தமிழருக்கு இதை மனப்பாடம் செய்வது கடினமில்லை. கோல் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, காசு நிலம். எண் 2, 3, 4 வந்தால் சர ராசி (மேஷம், கடகம், துலாம், மகரம்). 5, 6, 7 ஸ்திர ராசி (ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம்). 8, 9, 10 உபய ராசி (மிதுனம், கன்னி, தனுசு, மீனம்). ஆக, கோல் மூன்று என்றால் சர நெருப்பு, அதாவது மேஷம். மூன்று எண்ணில் முதலாவது ராசியின் முதல் பத்துப் பாகை, அடுத்தது நடு, மூன்றாவது கடைசி. கிரகங்களுக்கு சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்ற வரிசை. சிம்மத்தின் முதல் பத்துப் பாகையில், அதாவது கோல் ஐந்தில், சனியை வைத்துத் தொடங்கி ராசி வரிசையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மீனத்தின் கடைசியிலும் மேஷத்தின் முதலிலும் செவ்வாய் இரண்டு முறை வரும். அங்கேதான் பலருக்குக் கணக்கு தவறும். ஒன்று என்ற எண் சீட்டுகள் நான்கும் இந்தக் கணக்கில் சேராது, அவை பூதத்தின் மூலம் மட்டும். ஒரு கால்பக்கத் தாளில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவிட்டால் ஒரு மாதத்தில் தாள் தேவைப்படாது.

எந்தக் கட்டு வாங்கினாலும் குழப்புவது சாயனம், நிராயணம். மேற்கத்தியப் புத்தகங்கள் மேஷத்தை மார்ச் 21 வாக்கில் தொடங்குகின்றன, நம் பஞ்சாங்கம் ஏப்ரல் 14 வாக்கில். இடைவெளி சுமார் 24 பாகை. ஏப்ரல் 5-ஆம் தேதியை எடுத்துக்கொண்டால், சாயனப்படி சூரியன் மேஷத்தின் நடுவில், சீட்டு கோல் மூன்று. பஞ்சாங்கப்படி இன்னும் பங்குனி, சூரியன் மீனத்தின் கடைசிப் பத்துப் பாகையில், சீட்டு கோப்பை பத்து. ஒருநாள் இது, ஒருநாள் அது என்று மாற்றினால் குறிப்பேடு முழுவதும் பயனில்லாமல் போகும். என் தேர்வு நிராயணம்; காரணம், வீட்டுச் சுவரில் தொங்குவது நம் காலண்டர். அதில் ஒரு லாபமும் உண்டு. கோல் மூன்று, மேஷத்தில் சூரியன், நம் கணக்கில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் மே தொடக்கம் வரை. படத்தில் ஒருவர் மேட்டில் நின்று கடலில் போகும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கிற அதே நாட்கள். சூரியன் உச்சத்தில், கடலைப் பார்த்துக் காத்திருப்பு. இந்தக் கடற்கரைக்கு இந்தச் சீட்டு அந்த மாதத்தில்தான் பொருள் தருகிறது.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். காசு ஐந்து ரிஷபத்தில் புதன். நமக்கு அது நட்பு வீடு. வெய்ட் படத்திலோ பனியில் நொண்டி நடக்கும் ஏழைகள். கோப்பை இரண்டு கடகத்தில் சுக்கிரன். நமக்குப் பகை வீடு, படத்தில் காதலர்கள் கோப்பை மாற்றிக்கொள்கிறார்கள். ராசியை மூன்றாகப் பிரிக்கும் நம் திரேக்காணமும் இதுவும் ஒன்றல்ல. மேஷத்தில் நமக்கு செவ்வாய், சூரியன், குரு. டாரட்டில் செவ்வாய், சூரியன், சுக்கிரன். முதல் இரண்டு ஒத்துப்போவதைப் பார்த்து மற்ற ராசிகளிலும் நம்பிவிடக் கூடாது. முரண்படும் நாளில் படத்தைப் பின்பற்றுங்கள், ஜோதிடத்தை ஓரமாகக் குறித்து வையுங்கள்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவகிரகத்துக்கு ஒன்பது கல். டாரட்டில் ஏழு கிரகத்துக்குத்தான் சீட்டு. ராகு, கேதுவுக்கு இல்லை. அந்த இரண்டையும் எப்படியாவது ஏதாவது ஒரு சீட்டில் ஏற்றிவிடப் பலர் முயல்கிறார்கள். வேண்டாம். அதேபோல ‘சந்திரன்’ என்ற பெரிய சீட்டு சந்திரனுக்குரியதல்ல, மீனத்துக்குரியது; சந்திரனுக்குரியது ‘பெண் குரு’ சீட்டு. ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தம், கட்டில் 22 பெரிய சீட்டு என்று பார்த்ததும் ஒரு துள்ளல் வரும். எண் ஒன்று என்பதைத் தவிர அதில் எதுவுமில்லை. 1781-இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இப்படித்தான் ஆதாரமில்லாமல் டாரட்டை எகிப்தில் கொண்டுபோய் வைத்தார். அந்தத் தவறான கதை இன்றுவரை ஓயவில்லை. புராணத்தைத் துணைக்கு அழைப்பது வேறு, வரலாறு என்று சொல்வது வேறு.

தினசரி முறை இதுதான். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் முதலில் சீட்டை எடுங்கள். நட்சத்திரத்தை முன்பே தெரிந்துகொண்டால் கண் அதையே படத்தில் தேடும். இரண்டு நிமிடம் படத்தை மட்டும் பார்த்து, கண்ணில் பட்டதை ஒரு வரி எழுதுங்கள். பிறகு சீட்டின் ராசியும் கிரகமும், அன்றைய சந்திரனின் நட்சத்திரமும் ஒரு வரி. மூன்றாவதாக நினைவுக்கு வந்த புராணம். இரவில் ஒரு வரி. சந்திரன் பத்துப் பாகையைக் கடக்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். எடுத்த சீட்டின் இடமும் சந்திரனின் இடமும் ஒன்றாக வரும் நாள் அரிது, வந்தால் தனியாகக் குறித்து வையுங்கள். தலைகீழாக வரும் சீட்டை முதல் சில மாதங்களுக்கு நேராகத் திருப்பியே படியுங்கள். இல்லாவிட்டால் 156 பொருளை மனம் சுமக்க வேண்டியிருக்கும்.

தோத் யாருக்கு? ஜோதிடமே முதன்மை, படம் இரண்டாவது என்பவருக்குத் தயங்காமல் தோத். அரசவைச் சீட்டுகளில் அங்கே ஒரு குழப்பம்: தோத்தின் வீரன்தான் வெய்ட்டின் அரசன் இருக்கும் இடத்தில் நிற்பவன், இரண்டு கட்டின் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் படித்தால் தடம் மாறிவிடும். நீதி, வலிமை எண்களும் அப்படியே. வெய்ட்டில் வலிமை 8, நீதி 11; தோத்திலும் மார்செய்யிலும் அது தலைகீழ். சிம்மம், கன்னி, துலாம் என்று ராசி வரிசை வர வேண்டும் என்பதற்காகக் கோல்டன் டான் சபை செய்து, வெய்ட் எடுத்துக்கொண்ட மாற்றம் அது.

மார்செய்யில் என் பழக்கம் குறைவு. எண்ணையும் பூதத்தையும் மட்டும் வைத்து எண் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் ராசிப் பொருத்தம் வேண்டுமென்றால் அங்கே ஒத்த கருத்தே கிடையாது. பெரிய சீட்டுகளோடு எபிரேய எழுத்துகளைப் பொருத்துவதில் பிரெஞ்சு மரபு வித்தைக்காரன் சீட்டில் எழுத்து வரிசையைத் தொடங்க, ஆங்கில மரபு பித்தன் சீட்டில் தொடங்குகிறது. அதனால் எல்லாம் ஒரு படி நகர்ந்துவிடும்.

கடற்கரையில் கட்டைக் காப்பாற்றுவது பற்றி. உப்புக் காற்றில் சீட்டின் ஓரம் முதலில் ஈரம் இழுக்கும், பிறகு சீட்டு வளையும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இது மோசம். பெரிய சீட்டு அதிகம் வளைவதால் இதிலும் தோத்துக்குத்தான் பாதிப்பு. துணிப்பை போதாது, துணியே ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணி உள்ள வகையில் நிறம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். வளைந்த சீட்டை வெயிலில் போட்டால் மறுபக்கம் வளையும். இரண்டு தடித்த புத்தகத்துக்கு நடுவே இரண்டு நாள் வையுங்கள். தேங்காய் எண்ணெய்க் கையோடு கலைக்காதீர்கள். மணலில் வைத்து எடுத்தால் பளபளப்புப் பூச்சு கீறிவிடும், அதன்பின் ஈரம் அந்தக் கீறல் வழியே இறங்கும்.

வாங்கும்போது மலிவு விலைப் பிரதிகளைக் கவனியுங்கள். புத்தகத்துக்குப் பதில் க்யூஆர் கோடு மட்டும் இருக்கும், அட்டை மெல்லியதாக, நிறம் மங்கலாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் 78 சீட்டையும் எண்ணிவிட்டு, வாள் பத்தை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடிவானத்து மஞ்சளும் மடங்கிய விரல்களும் தெளிவாகத் தெரியாத அச்சு என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.