பாக்கெட்டோடு பதினொரு வருடம்: ஓர் என்ஜின் ஃபிட்டரின் அனுபவம்

1968-ல் ஆக்ராவில் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் சி-119 பாக்கெட் சரக்கு விமானத்தைக் கிட்டே பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய பெட்டி, அதன் இரண்டு பக்கமும் வால் வரை நீளும் இரண்டு தண்டுகள். 1947-ல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்தது, 1954-ல் நம் விமானப்படைக்கு வந்தது. பதினொரு வருடம் அதன் எண்ணெய்க் கறை என் கையை விட்டுப் போகவில்லை.

சுமை ஏற்றுவதற்கு அதைப் போல ஒரு விமானத்தை அதுவரை நான் கண்டதில்லை. டகோட்டா என்ற பழைய சரக்கு விமானம் வால் தாழ்ந்து நிற்கும். உள்ளே மேட்டில் ஏறுவது போல மூட்டையைத் தள்ள வேண்டும். பாக்கெட்டின் தரையோ சமமாக, லாரித் தட்டின் உயரத்தில் இருக்கும். பின்கதவு இரண்டையும் விரித்து, லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தினால் சாமான் நேராக உள்ளே போய்விடும். சரிவுப் பலகை போட்டால் ஜீப் தானே ஏறும். ஒரே குறை, அந்தக் கதவுகளைப் பறக்கும்போது திறக்க முடியாது. கனமான சாமானை வானிலிருந்து போட வேண்டுமானால் கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மார்கழியில் அப்படித் திறந்த முதுகோடு போய் வந்தவர்களுக்கு இறங்கிய பிறகும் விரல் மடங்காது.

என்ஜின்தான் எங்களை வாட்டியது. ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் ப்ளக். இரண்டு என்ஜினுக்கும் சேர்த்து 72. ராத்திரியில் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கிவிடும். அதனால் ஸ்டார்ட் செய்யுமுன் ப்ரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். அவசரத்தில் ஒரு நாள் அதை விட்டுவிட்டார்கள். தேங்கிய எண்ணெயில் பிஸ்டன் முட்டி வளைந்த கனெக்டிங் ராடை நான்தான் வெளியே எடுத்தேன். அப்புறம் எத்தனை அவசரமானாலும் என் விமானத்தில் அந்த வேலையை யாரும் தவிர்க்க விட்டதில்லை.

லடாக் போக இந்த இரண்டு என்ஜின் போதாது. லே ஓடுதளமே 10,000 அடிக்கு மேல், நாலு பக்கமும் மலை. மெல்லிய காற்றில் பிஸ்டன் என்ஜின் திணறும், ஒன்று நின்றால் தப்ப வழியில்லை. அதற்காகத்தான் முதுகில் ஒரு ஜெட் என்ஜினை ஏற்றினார்கள். பின்னாளில் பெங்களூரில் தயாரான ஆர்ஃபியஸ் வந்தது, நாட் போர் விமானத்தில் இருந்ததும் அந்த வகைதான். 1962 ஜூலையில் ஸ்குவாட்ரன் லீடர் ராஜே லடாக்கில் 16,000 அடிக்கு மேல் உள்ள தௌலத் பேக் ஓல்டியில் இறக்கியது பாக்கெட்டைத்தான். நான் வருவதற்கு ஆறு வருடம் முன்பு நடந்தது. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிரும்.

1971 போரில், டிசம்பர் 11 அன்று, இன்றைய வங்கதேசத்தின் டாங்கைலில் பாராசூட் வீரர்களை இறக்கிய விமானங்களில் ஏஎன்-12, டகோட்டாவோடு பாக்கெட்டும் இருந்தது.

80-களில் ஏஎன்-32 என்ற புதிய சரக்கு விமானம் வந்தது. பறக்கும்போதே திறக்கும் பின்கதவு அதில் உண்டு. எங்கள் காலத்தில் அது ஒன்று இருந்திருந்தால் எவ்வளவோ பாடு மிச்சமாகியிருக்கும். டில்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒரு பாக்கெட் நிற்கிறது. போனால் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போய் அந்தத் தரையின் உயரத்தைப் பாருங்கள்.