ஆர்ஏஎஃப் கிளெய்ம்: நேரே போவதா, வக்கீல் வைப்பதா?

சாலை விபத்தில் அடிபட்ட ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகியிருக்காது, வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். வக்கீல் வேண்டாம், வருவதில் கால்வாசியை அவரே எடுத்துக்கொள்வார் என்பார் ஒருவர். வக்கீல் இல்லாமல் போனால் மிச்ச முக்கால்வாசியும் வராது என்பார் இன்னொருவர். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் குடும்பத்தில் மட்டும் மூன்று இழப்பீட்டுக் கிளெய்ம் நடந்திருக்கிறது. ஒன்று வக்கீல் இல்லாமல், இரண்டு வக்கீலோடு. மூன்றுக்கும் பேப்பர் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். எந்தக் காயத்துக்கு எந்த வழி என்பதைப் பார்க்காமல் பொதுவாக ஒரு பதில் சொன்னால் அது தப்பாகத்தான் போகும்.

முதலில் ஒரு விஷயம். ஊரிலிருந்து போன் செய்கிற சொந்தக்காரர்கள் "இடித்தவன் மேல் கேஸ் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படிப் போட முடியாது, ஏறக்குறைய. 2008 ஆகஸ்ட் 1 முதல் சட்டம் மாறி, இடித்த டிரைவர் மேல் காயத்துக்காக வழக்குப் போடும் உரிமை போய்விட்டது; 2010ல் அரசியல் சாசன நீதிமன்றமும் அது சரிதான் என்று சொல்லிவிட்டது. பணம் தருவது சாலை விபத்து நிதியம், எல்லோரும் ஆர்ஏஎஃப் என்கிறோமே, அதுதான். நாம் பெட்ரோல் போடும்போதே அதற்கும் சேர்த்துக் கட்டுகிறோம். 2021 ஏப்ரலில் லிட்டருக்கு 2.18 ரான்டாக உயர்த்தினார்கள். ஆக, வக்கீல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் எதிரில் நிற்பது அந்த நிதியம்தான்.

நேரே போன கதை என் அத்தையுடையது. மினிபஸ் டாக்ஸியில் வேலைக்குப் போகும்போது ஹிக்கின்சன் ஹைவேயில் பின்னால் வந்த லாரி இடித்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, தையல் ஃபேக்டரியில் இரண்டு மாதச் சம்பளம் போச்சு. அத்தை முதல் நாளிலிருந்தே மருந்துக் கடைச் சீட்டு, ஆஸ்பத்திரிக் கார்டு, சம்பளச் சீட்டு, போலீஸ் விபத்து அறிக்கை எல்லாவற்றையும் ஒரு பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். மூடியின் உள்பக்கம் பேனாவால் விபத்துத் தேதியும் கேஸ் நம்பரும். ஆர்ஏஎஃப் 1 படிவத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பகுதியை, சிகிச்சை கொடுத்த டாக்டரிடமே நிரப்பி வாங்கினோம். டர்பன் அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டோம். பயணி என்பதால் அத்தை பக்கம் தப்பு என்று பேச இடமே இல்லை. காலம் ஆனது, ஆனால் செலவழித்ததும் இழந்த சம்பளமும் முழுசாகக் கைக்கு வந்தது.

இங்கே ஒரு வக்கீல் இருந்திருந்தால் என்ன கூடியிருக்கும்? ஒன்றும் கூடியிருக்காது என்பது என் முடிவு. வலி, வேதனை, முன்போல வாழ முடியாமல் போனது, இதற்கெல்லாம் தருகிற பொது இழப்பீடு 2008க்குப் பிறகு 'கடுமையான காயம்' என்று டாக்டர் ஆர்ஏஎஃப் 4 படிவத்தில் மதிப்பிட்டால்தான் உண்டு. உடல் முழுவதையும் நூறாக வைத்து அதில் 30 சதவீதமாவது பாதிப்பு இருக்க வேண்டும். அவ்வளவு இல்லாவிட்டால், நீண்ட நாள் நீடிக்கும் பெரிய குறை, நிரந்தரமான மோசமான தழும்பு, மனநிலையில் கடுமையான பாதிப்பு என்று எடுத்துக்காட்ட வேண்டும். நன்றாகக் கூடிவிட்ட மணிக்கட்டு அந்த வாசலுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. மிஞ்சுவது பில்லும் சம்பளமும்தான், அவற்றை எந்த வக்கீலாலும் பெரிதாக்க முடியாது.

ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கவுண்டரில் உட்கார்ந்து உதவுகிறவரும், எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்பவரும் ஒரே வீட்டு ஆட்கள். கேட்ட பேப்பரை வாங்கிக்கொள்வார்கள், மரியாதையாகவும் பேசுவார்கள். ஆனால் "அம்மா, உங்கள் முழங்காலுக்குப் பத்து வருஷம் கழித்து ஆபரேஷன் தேவைப்படலாம், வருங்கால வைத்தியச் செலவுக்கு உறுதிக் கடிதம் கேளுங்கள்" என்று அவர்களாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று காலக்கெடு. இடித்த வண்டியோ டிரைவரோ யாரென்று தெரிந்தால் மூன்று வருஷத்துக்குள் கிளெய்மைக் கொடுக்க வேண்டும். இடித்துவிட்டு ஓடிவிட்டால் இரண்டே வருஷம். கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. விபத்து நடந்து ஐந்து வருஷத்துக்குள் பைசல் ஆகவில்லை என்றால், அதற்குள் கோர்ட் சம்மன் நிதியத்தின் கையில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை செத்துவிடும். 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற பதிலையே நாலு வருஷம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நாலாம் வருஷம் பிறக்கும் முன்பே அவர்கள் ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டியால் காயப்பட்டது குழந்தையாக இருந்தாலும் அந்த இரண்டு வருஷம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பெரியவனாகட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது மச்சான் விஷயம். என்2 நெடுஞ்சாலையில் அவரே காரை ஓட்டிப் போகும்போது மோதல், தலையில் அடி. நாலு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நடந்தார், பேசினார், பார்க்க வந்தவர்கள் எல்லாம் கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் தெரிந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவில் நிற்பார். பெற்ற மகளிடம் ஒருநாள்கூடக் குரலை உயர்த்தாத மனுஷன், ஒரு தட்டு விழுந்த சத்தத்துக்குக் கையை ஓங்கினார். ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டார்கள். நாங்கள் நேரே போயிருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒரு மாதச் சம்பளச் சீட்டையும் கொடுத்துவிட்டு வந்திருப்போம், ஏனென்றால் எங்கள் கையில் இருந்த பேப்பர் அவ்வளவுதான். வக்கீல் அவரை மூளை நரம்பு உளவியல் நிபுணரிடம் அனுப்பினார், தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அனுப்பினார், இந்த ஆள் அறுபத்தைந்து வயது வரை என்ன சம்பாதித்திருப்பார் என்று சொல்ல ஒரு தொழில் உளவியலாளர், அதைத் தொகையாக்க ஒரு ஆக்சுவரி. அத்தனை பேருக்கும் கட்டணத்தை முன்கூட்டிப் போட்டது வக்கீல்தான். மச்சான் மீதும் கொஞ்சம் தப்பு உண்டு என்று நிதியம் வாதாடியது, அந்த விகிதத்தைக் குறைக்கவும் அவர்தான் நின்றார். ஓட்டுநர் கிளெய்மில் இது முக்கியம்: உங்கள் தப்பு 20 சதவீதம் என்று முடிவானால் மொத்தத் தொகையில் 20 சதவீதம் போய்விடும், முழுத் தப்பும் உங்களுடையது என்றால் ஒன்றுமே கிடையாது.

சரி, அந்தக் கால்வாசி. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜெயித்தால்தான் கட்டணம் என்கிற ஒப்பந்தத்துக்கு 1997ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. வக்கீல் தன் வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம். ஆனால் அது கிடைத்த தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான். 25 என்பது உச்சவரம்பு, அதுவே விலை இல்லை. என் சித்தப்பா கிளெய்மில் 6 லட்சம் ரான்ட் வந்தது, அந்த அலுவலகம் கேள்வி இல்லாமல் ஒன்றரை லட்சத்தை எடுத்துக்கொண்டது. எந்த நாள் எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில்லைக் கேட்டோம், மூன்று தடவை கேட்டோம். வந்த பில்லில் வழக்கமான கட்டணம் 52,000 ரான்ட். இரண்டு மடங்கு 1,04,000. அதாவது 46,000 ரான்ட் கூடுதலாகப் போயிருந்தது. வக்கீல்களைக் கண்காணிக்கும் சட்டத் தொழில் கவுன்சிலுக்கு எழுதுகிறோம் என்று சொன்ன பிறகுதான் அது திரும்பியது. கைத்தடி ஊன்றி நடக்கிற மனிதருடைய பணம் அது, அவர் வாயைத் திறந்து கேட்கவே கூச்சப்பட்டார். தவிர, வழக்குச் செலவு என்று நிதியம் தனியாகக் கட்டும் தொகையும் கட்சிக்காரர் கணக்கில் சேர வேண்டியது, கடைசிக் கணக்கில் அது வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தோற்றால் காசே இல்லை என்று சொல்வதையும் முழுசாக நம்பாதீர்கள். உங்கள் வக்கீல் கேட்க மாட்டார், ஆனால் எதிர்த்தரப்புச் செலவை நீங்கள் கட்டும்படி கோர்ட் சொல்லலாம்.

வக்கீல்தான் என்று முடிவான பிறகு இன்னொரு தேர்வு வரும்: தெருமுனையில் இருக்கும் நம்ம ஊர் அட்டர்னியா, உம்லாங்காவில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய அலுவலகமா? வீட்டுப் பத்திரம், உயில், விவாகரத்து எல்லாம் பார்க்கிறவருக்கு மூளைக் காயக் கேஸ் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன், அவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும். ஆனால் ஆர்ஏஎஃப் வேலையையே முக்கியமாகச் செய்யும் சின்ன அலுவலகம் பெரியதைவிட மேல், நாலு மாதம் கழித்துப் போன் செய்தால் அதே ஆள் எடுப்பார். எந்தக் கோர்ட்டில் போடுவீர்கள் என்றும் கேளுங்கள். நிதியத்தின் தலைமையகம் செஞ்சூரியனில் இருப்பதால் பல வக்கீல்கள் பிரிட்டோரியாவில் வழக்குப் போடுவார்கள். அந்தக் கௌடெங் மாகாண நீதிமன்றத்தில் விசாரணைத் தேதிகள் 2031 வரை போய், 2025 ஏப்ரலில் சமரசப் பேச்சைக் கட்டாயமாக்கினார்கள். டர்பனில் நடந்த விபத்தை ஏன் அங்கே கொண்டுபோகிறீர்கள் என்பதற்கு நல்ல காரணம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழி என்று ஒன்றைச் சிலர் சொல்கிறார்கள், வார்டுக்கே வந்து கட்டில் ஓரத்தில் நிற்கும் தரகர். சித்தப்பாவிடம் அப்படித்தான் ஒருவர் வந்தார், ஊசி மயக்கம்கூடத் தெளியவில்லை, வெற்றுப் படிவத்தில் விரலைப் பிடித்துக் கையெழுத்து வாங்கப் பார்த்தார். அப்படி ஆள் பிடிப்பது வக்கீல் தொழில் விதிகளுக்கே விரோதம். அந்த ஆளை அனுப்பிய அலுவலகத்தை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். வேலை நேரத்தில் நடந்த விபத்தென்றால் முதலாளியிடமும் சொல்லித் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் எழுதுங்கள், அங்கே வருவது இங்கே கழிக்கப்படும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால்: பயணியாகவோ நடந்து போனவராகவோ இருந்து, தப்பு யாருடையது என்பது பளிச்சென்று தெரிந்து, காயம் முழுக்க ஆறி, பழைய வேலைக்கே திரும்பிவிட்டால் நேரே போங்கள், பைசல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள். தலை, முதுகெலும்பு, கை கால் இழப்பு, குழந்தைகள், சம்பாதித்தவர் இறந்துபோனது, ஓட்டியவர் மீதும் குற்றம் சொல்வது, இதில் எது இருந்தாலும் வக்கீல் வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், நகல் உங்களுக்குத் தர வேண்டும், கையெழுத்திட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. போன வாரம்தான் கையெழுத்துப் போட்டேன் என்பவர்கள் இன்று ராத்திரியே அந்த நகலை எடுத்து 25 சதவீதம் என்ற வரிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நகலே கையில் இல்லையென்றால் நாளைக் காலை முதல் போன் அதற்குத்தான்.