கடப்பா கல்லா, மரைன் பிளையா, எச்டிஎச்எம்ஆரா?

எங்கள் சமையலறை 10 அடிக்கு 8 அடி. தாம்பரம் பக்கம் 1990-களில் கட்டிய வீடு. அடுப்பு மேடைக்குக் கீழே கடப்பா கல்லை நிறுத்தித் தட்டுப் போட்டு, முன்னால் மரச்சட்டம் அடித்து ஷட்டர் மாட்டியிருந்தார்கள். கல்லுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. சிங்க்குக்குக் கீழே இருந்த ஷட்டர்தான் ஊதிப்போய், கீல் கழன்று, துணி முடிச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் மாற்றலாம் என்று ஆரம்பித்த பேச்சு முழுக் கிச்சனாக வளர்ந்து, மூன்று பேரிடம் விலை கேட்பதில் போய் நின்றது: தெரிந்த ஆசாரி ஒருவர், மாடுலர் கிச்சன் கடை ஒன்று, எல்லாவற்றையும் பிவிசி பலகையில் செய்து தருகிறேன் என்ற இன்னொருவர். மற்ற இரண்டு பேர் சொல்வதை நம்பாதீர்கள் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து.

கடப்பா கல்லை இப்போது யாரும் சிபாரிசு செய்வதில்லை, பழைய பாணியாம். ஆனால் தண்ணீருக்கும் கரையானுக்கும் அசராத பொருள் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் சித்தி வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால், புதிதாகப் போட்ட பார்ட்டிகிள் போர்டு பெட்டிகள் அப்பம் மாதிரி உப்பியிருந்தன. பின்கட்டில் இருந்த கடப்பா தட்டுகளைக் கழுவிவிட்டு மறுநாளே பாத்திரம் அடுக்கினார்கள். அன்றிலிருந்து எனக்குக் கல்லின் மேல் ஒரு சார்பு உண்டு, சொல்லிவிடுகிறேன்.

குறையும் இருக்கிறது. மேடையின் ஆழம் 2 அடி. தட்டின் பின்பக்கம் போன பொருள் அடுத்த பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போதுதான் கண்ணில் படும். கல்லில் நேராக டிராயர் சேனலை முடுக்க முடியாது, நடுவில் பலகை கொடுக்க வேண்டும். மேலும் அது சுண்ணாம்புக் கல் இனம். எலுமிச்சையோ புளிக் கரைசலோ சிந்தினால் தடம் விழும். அதனால் உள்தட்டுக்குச் சரி, மேடைக்கு மேலே கிரானைட்தான்.

அடுத்தது பிளைவுட். கடையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சொன்னால் அதற்குப் பொருளே கிடையாது, எண்ணைக் கேட்க வேண்டும். இந்தியத் தர எண்களில் ஐஎஸ் 303 என்பது பொது உபயோகப் பிளை. அதில் எம்ஆர் (ஈரம் தாங்கும்) ரகம் படுக்கையறை அலமாரிக்குப் போதும், சமையலறைக்கு வேண்டாம். பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகம் அதை விட ஈரம் தாங்கும். ஐஎஸ் 710 தான் மரைன் பிளை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை; பூச்சிமருந்து ஏற்றியிருக்கவும் வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையோடு இந்த எண் பலகையிலேயே அச்சாகியிருக்கும். ஆசாரி இன்னொன்று சொல்லிக்கொடுத்தார்: “ஓரத்தைப் பாருங்க சார், அடுக்குக்கு நடுவுல ஓட்டை தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுங்க.” உண்மைதான். அந்த இடத்தில் திருகு பிடிக்காது, தண்ணீரும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

மாடுலர் கடைக்காரர் முன்வைத்தது எச்டிஎச்எம்ஆர். மரநாரை ஈரம் தாங்கும் பசையோடு அழுத்திச் செய்த அடர்த்தியான பலகை. நான் முதலில் பழைய பார்ட்டிகிள் போர்டையே புதுப் பெயரில் விற்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியில்லை. துண்டை எடுத்துப் பார்த்தால் கனமாக, ஓரம் மழமழவென்று இருக்கிறது. உயரமான ஷட்டர் செய்தால் பிளை சில சமயம் வளைந்துகொள்ளும். இது அவ்வளவு வளையாது. அதனால் ஷட்டருக்கு இதுவே மேல் என்று எனக்குப் பட்டது. ஆனால் ஈரம் தாங்கும் என்பதும் தண்ணீரில் நிற்கும் என்பதும் ஒன்றல்ல. சிங்க் குழாய் கசிந்து ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கடைக்காரர் பேச்சைக் கீலுக்குத் திருப்பிவிட்டார்.

பிவிசி பலகைக்குத் தண்ணீர் பயம் இல்லை, கரையான் பயமும் இல்லை. ஆனால் அடுப்புச் சூட்டுக்கு இளகும், நீளத் தட்டில் அரிசி டப்பாவை வைத்தால் தொய்யும், கழற்றி மாட்டினால் திருகு லூசாகும். ஸ்டீல் கிச்சனையும் ஒரு கடையில் பார்த்தேன். 304 என்ற துருப்பிடிக்காத ரகமாக இருந்தால் காலத்துக்கும் நிற்கும். விலையைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன்.

பொருளை விட அதிகம் குழப்பியது விலைப்பட்டியல்தான். ஆசாரி பலகைக் கணக்கும் கூலியும் தனித்தனியாகச் சொல்கிறார். மாடுலர் கடை சதுர அடிக்கு இவ்வளவு என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைக்காரர் பல மடங்கு கேட்பது போலத் தோன்றும். அவர் சொல்லும் சதுர அடி முன்பக்கத்தை மட்டும் அளந்தது. 2 அடி அகலம், 2 அடி ஆழம், இரண்டரை அடி உயரம் உள்ள பெட்டிக்கு முன்பக்கம் 5 சதுர அடி. அதே பெட்டிக்கு இரண்டு பக்கவாட்டுப் பலகை 10, அடிப்பலகை 4, நடுத்தட்டு 4, முதுகு 5, ஷட்டர் 5 என்று 28 சதுர அடி பலகை வேண்டும். ஒரு முழு ஷீட்டே 8-க்கு 4, அதாவது 32 சதுர அடிதான். இதைப் போட்டுப் பார்த்த பிறகு இரண்டு விலைக்கும் நடுவில் இருந்த தூரம் பாதியாகக் குறைந்தது. மீதித் தூரம் சேனல், கூடை, கைப்பிடி, வரி என்ற பெயரில் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. மொத்தத் தொகையை எழுதி வாங்கும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

வேலைத்தரத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தொழிற்சாலையில் மெஷின் ஒட்டும் எட்ஜ் பேண்ட் (பலகையின் ஓரத்தை மூடும் பட்டை), வீட்டில் கையால் ஒட்டுவதை விட நன்றாகப் பிடிக்கிறது. பலகைக்குள் ஈரம் ஏறுவது ஓரம் வழியாகத்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் பழைய வீட்டுச் சுவர் எதுவும் நேராக இல்லை. ஆசாரி அந்தக் கோணலுக்குத் தகுந்தபடி செதுக்கிக்கொள்வார். அளந்து செய்து கொண்டுவந்த பெட்டி ஓரமாக இடைவெளி விட்டு நிற்கும், கரப்பான் பூச்சி அங்கே குடித்தனம் வைக்கும். கடைக்காரரின் வரைபடத்தில் 14.2 கிலோ சிலிண்டரை நாலு பக்கமும் மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எல்பிஜி காற்றை விடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். ஷட்டருக்குக் கீழே திறப்பு விடச் சொல்லி நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் கல்லிலேயே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா கேட்டார்: “கீழ்த்தட்டுல இருக்கற குக்கரை நான் எப்படிக் குனிஞ்சு எடுக்கறது?” மூட்டுவலிக்காரருக்கு ஆழமான தட்டால் பயனில்லை, இழுத்தால் முழுசாக வெளியே வரும் டிராயர்தான் வேண்டும். அந்த ஒரு கேள்வி என் சார்பைப் பாதியாக்கிவிட்டது.

ஆகவே கலவையாகவே முடிவு செய்தோம். சிங்க்குக்கும் சிலிண்டருக்கும் கீழே பழைய கடப்பா கல் அப்படியே இருக்கும். அங்கே பலகையே கிடையாது, அலுமினியச் சட்டத்தில் கதவு. அடுப்புக்கு இரண்டு பக்கமும் கல்லை எடுத்துவிட்டு, ஐஎஸ் 710 பிளையில் பெட்டி, மூன்று டிராயர், தரையைக் கழுவினால் நனையாதபடி 4 அங்குலக் கால். மேல் அலமாரிக்கும் பரண் கதவுக்கும் எச்டிஎச்எம்ஆர். குக்கர் ஆவி நேராக அடிக்கும் இடத்தில் மேல் அலமாரியே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பெட்டி வேலை ஆசாரிக்கு, ஷட்டர் மட்டும் வெளியே மெஷினில் வெட்டி ஓரம் ஒட்டி வரும்.

இத்தனை வரைபடத்திலும் கிரைண்டருக்கு யாரும் இடம் விடவில்லை. மேடையின் மூலையில் தனி பிளக் பாயின்டோடு 2 அடியை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். அரிவாள்மனையை எங்கே வைப்பது என்று அம்மாவும் ஆசாரியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.