பையர்ன் டிக்கெட்: டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்தபிறகும் இதை ஏன் விடவில்லை

ஜெர்மனியின் மியூனிக்கில் புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதலில் எடுப்பது டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது நாடு முழுக்க வட்டார ரயில், நகரப் பேருந்துகளில் செல்லும் மாதச் சந்தா. அதன்பிறகு பையர்ன் டிக்கெட் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. தினமும் அலுவலகம் போய்வரும் ஒருவருக்கு அது சரிதான். ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து தங்கும்போது கணக்கே மாறிவிடும். பல வருடங்களாக இரண்டையும் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பையர்ன் டிக்கெட் ஒரு நாளுக்கு, அதிகபட்சம் ஐந்து பேருக்கு. பவேரியா மாநிலம் முழுக்க வட்டார ரயில்கள், எஸ்-பான் என்ற புறநகர் ரயில்கள், மியூனிக், நூரம்பர்க் போன்ற நகரங்களின் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. முதல் ஆளுக்கு ஒரு விலை, கூட வரும் ஒவ்வொருவருக்கும் சிறிய தொகை. 2019-இல் முதல் ஆளுக்கு 25 யூரோ, அடுத்தடுத்த ஆளுக்கு 7 யூரோ. ஐந்து பேருக்கு மொத்தம் 53. தலைக்கு 10 யூரோ 60 சென்ட். அப்புறம் பலமுறை விலை ஏற்றிவிட்டார்கள், ஆனால் கணக்கு அதே மாதிரிதான். தனியாகப் போனால் ஒரு நாளுக்கு அவ்வளவு காசா என்று தோன்றும். மூன்று பேரிலிருந்து லாபம் தெரியும். ஐந்து பேர் என்றால் இதை அடிக்க வேறு டிக்கெட் கிடையாது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எண்ணிக்கையில் சேர்க்கவே வேண்டாம்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025-இல் 58, 2026-இல் 63. அது தலைக்கு ஒன்று, மாதச் சந்தா. நிறுத்துவதென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். மறந்தால் அடுத்த மாதமும் காசு போகும். ஊரிலிருந்து வந்தவர்கள் வார நாளில் வீட்டோடு இருந்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் வெளியே வருவார்கள் என்றால் அவர்களுக்கு அந்தச் சந்தா வீண். தினமும் பூங்கா, கோயில், கடை என்று நகரத்தைச் சுற்றுகிறவர்கள் என்றால் சந்தாவே மேல். எங்கள் வீட்டில் அப்பா இரண்டாவது ரகம், அம்மா முதல் ரகம். என்ன செய்வது!

இன்னொரு விஷயம். குழுவில் யாரிடமாவது ஏற்கெனவே டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் அவரைப் பையர்ன் டிக்கெட்டில் சேர்க்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது ஏழு பேராக இருந்து, அதில் இருவரிடம் சந்தா இருந்தால், மீதி ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட். இதைக் கவனிக்காமல் எல்லோருக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

பையர்ன் டிக்கெட் வார நாளில் காலை 9 மணிக்கு முன்னால் செல்லாது. சனி, ஞாயிறு, விடுமுறை என்றால் நள்ளிரவிலிருந்தே செல்லும். எந்த நாளானாலும் மறுநாள் அதிகாலை 3 மணி வரை. வார நாளில் காலை 9 மணிக்கு முந்திய ரயிலைப் பிடித்தே ஆகவேண்டும் என்றால், 9 மணிக்குப் பிறகு அது நிற்கும் முதல் நிலையம் வரை தனி டிக்கெட் எடுக்கலாம். ஐந்து பேருக்கு அப்படி எடுத்தால் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே போய்விடும். ஒன்பது தாண்டியே கிளம்பலாம். ஆனால் ஃபுஸ்ஸன் பக்கம், அதாவது நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகும் முதல் ஒன்பது மணி ரயிலில் உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். ஊரே அதில்தான் ஏறும்.

பயணிகள் எல்லோருடைய பெயரையும் டிக்கெட்டில் எழுத வேண்டும். வழியில் ஆள் மாற்ற முடியாது. ஒருவர் மாலையிலேயே திரும்ப வேண்டும், மற்றவர்கள் இரவு வருவார்கள் என்றால் ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு இரண்டு ரயிலில் வர வழியில்லை. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். அதனால் கிளம்பும்போதே யார் எப்போது திரும்புவது என்று பேசி முடித்துவிடுவது நல்லது. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் இந்த டிக்கெட்டின் கஷ்டமான பகுதி.

டேகர்ன்ஸே ஏரிக்குப் போகிறவர்கள் எந்தப் பெட்டியில் ஏறுகிறோம் என்று பார்த்து ஏறவும். மியூனிக்கிலிருந்து ஒரே ரயிலாகக் கிளம்பி ஹோல்ஸ்கிர்ஷனில் ஒரு பகுதி பைரிஷ்செல் பக்கம் பிரியும். ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரிந்து ஒன்று டேகர்ன்ஸேக்கும் மற்றது லெங்க்ரீஸுக்கும் போகும். டிக்கெட் ஒருவர் போனில், பாட்டி வேறு பெட்டியில் என்றால் வம்புதான்.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது சால்ஸ்பர்க் பயணம். ஆஸ்திரியாவில் இருந்தாலும் அந்த நிலையம் வரை பையர்ன் டிக்கெட் செல்லும். மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். அதே திசையில் ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலும் போகும். அதில் ஏறிவிடக் கூடாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் வட்டார ரயில்களை மட்டும் காட்டும்படி வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. திரும்பும்போது எல்லையில் போலீஸ் சோதனை இருக்கும், பெற்றோரின் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வட்டார ரயிலில் உணவுப் பெட்டி கிடையாது. புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொள்வது உத்தமம்.

இதே பாணியில் ஜெர்மனி முழுவதுக்கும் குவேர்-டுர்ஷ்ஸ்-லாண்ட் டிக்கெட் இருக்கிறது. மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு அதில் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஐசிஇ நாலு மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு மாறி மாறி ஏறி ஒரு முழுப் பகல் ஆகும். முன்கூட்டியே எடுத்தால் ஐசிஇ சலுகை டிக்கெட்டே பல சமயம் கட்டுபடியாகும்.

மலிவு டிக்கெட் என்பதால் உரிமைகளும் குறைவு. ரயில் தாமதமானால் சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர் ஐசிஇ-க்கு டிக்கெட் எடுத்துப் போய்விட்டுப் பிறகு அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; நமக்கு அது கிடையாது. அதனால் வயதானவர்களோடு போகும் நாட்களில் கடைசி ரயிலை நம்பி நாங்கள் இருப்பதில்லை. அதற்கு முந்தியதையோ, இன்னும் ஒன்று முன்னதையோ பிடித்துவிடுகிறோம்.