எஞ்சினுக்கு அடித்த கறுப்பு பெயின்ட்: ஐந்து வருடம், 42,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு

என்னுடையது காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி. வாங்கிப் பத்து வருடம் ஆனபோது கம்பெனியில் அடித்த கறுப்பு அங்கங்கே பொரிந்து, உரிந்த இடத்திலெல்லாம் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தினமும் பார்க்கிற வண்டி, அப்படியே விட மனம் வரவில்லை.

இரண்டு முறை அடித்தேன். முதல் முறை அடித்தது நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டாம் முறை அடித்தது இன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே எஞ்சின், ஒரே கை. வித்தியாசம் எங்கே வந்தது என்று எனக்கு இப்போது தெளிவாகத் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் முறை நான் நினைத்தது எல்லோரும் நினைப்பதுதான். எஞ்சின் சூடாகும், அதனால் டின்னில் எந்த எண் பெரிதோ அதுவே நல்லது. 650 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்த ஸ்ப்ரே டின்னை எடுத்தேன். அது சைலன்ஸருக்கும், எஞ்சினிலிருந்து அதற்குப் புகை போகும் பெண்ட் பைப்புக்கும் ஆன சிலிக்கோன் பெயின்ட். அடித்த அன்று அருமையான மேட் கறுப்பு. ஒரு நாள் பெட்ரோல் டேப்பை மூட மறந்து தூங்கிவிட்டேன். கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க்கேஸ் மேல் சொட்டியிருந்தது. காலையில் துணியால் துடைத்தேன், பெட்ரோல் வழிந்த தடம் முழுக்க பெயின்ட் துணியோடு வந்துவிட்டது. அடியில் வெறும் அலுமினியம்.

ஆனால் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி, அதே பெயின்ட் கல்போல இருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. இதை வைத்துத்தான் விஷயம் பிடிபட்டது. சிலிக்கோன் பெயின்ட் காற்றில் காய்ந்ததுபோலத் தெரியும், ஆனால் உண்மையில் இறுகுவதற்கு 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எக்ஸாஸ்ட் போர்ட் ஓரத்துக்கு அந்தச் சூடு கிடைக்கிறது. கிராங்க்கேஸுக்குக் கிடைப்பதே இல்லை. அதற்குள் இருக்கும் ஆயில் சாதாரண ஓட்டத்தில் 90 முதல் 120 டிகிரி வரைதான் போகும். அதனால் அங்கே பெயின்ட் எத்தனை மாதம் ஆனாலும் பாதி வெந்த நிலையிலேயே இருந்தது, பெட்ரோல் பட்டதும் கரைந்தது.

ஆக, பெரிய எண்ணைத் தேடுவது தப்பு. காற்றில் குளிரும் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பக்கம்கூடப் பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரிதான். அதைத் தாண்டிப் பல நூறு டிகிரிக்குப் போவது பெண்ட் பைப் மட்டுமே. எஞ்சினுக்கென்றே வரும் எனாமல் 250 முதல் 300 டிகிரி வரை தாங்கும், அது போதும். டின்னைத் திருப்பிப் பார்க்கும்போது படிக்க வேண்டியவை வேறு: பெட்ரோலும் ஆயிலும் பட்டால் தாங்குமா, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வேக வைக்கச் சொல்கிறது, அடுத்த கோட்டிங் எப்போது அடிக்கலாம்.

வேறு வழிகளையும் யோசித்தேன். பவுடர் கோட்டிங் உறுதியானதுதான், ஆனால் எஞ்சினை முழுவதும் பிரித்து, பேரிங், ஆயில் சீல் எல்லாம் எடுத்து, வெறும் கூட்டை 180–200 டிகிரி ஓவனில் வைக்க வேண்டும். பழைய வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயும் காற்றும் அந்தச் சூட்டில் வெளியே வந்து பூச்சில் குமிழ் விடும். தெரிந்தவர்கள் முதலில் வெறும் கூட்டை ஒருமுறை சூடேற்றி அதை வெளியேற்றிவிட்டுத்தான் பூசுவார்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாக பெயின்ட்டுக்கு பெட்ரோலைத் தாங்குவதில் நிகரில்லை. கிராங்க்கேஸுக்கு அது மிக நல்லது, ஹெட்டுக்குச் சரிப்படாது. தவிர, அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது, சாதாரணத் தூசி முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்று வரும் முகமூடியும் ஸ்ப்ரே அறையும் இல்லாமல் வீட்டில் அடிக்காதீர்கள். நான் எஞ்சின் எனாமலையே எடுத்தேன், அரைப் பளபளப்புக் கறுப்பு.

பெயின்ட் அடித்தது ஒரு மதிய நேர வேலை. அதற்கு முந்தைய தயாரிப்புக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் ஒரு மணி நேரத்தைக்கூட நான் குறைக்க மாட்டேன்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே, எல்லா ஓட்டையும் அடைத்துவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து அழுக்கை எடுத்தேன். பிறகு சோப்புத் தண்ணீர். அப்புறம்தான் பிரித்தேன். எண்ணெய் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் எண்ணெயைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுவதாகிவிடும். பழைய பெயின்ட்டை எடுக்கக் காஸ்டிக் சோடா போட நினைத்தால் வேண்டாம், அது அலுமினியத்தையே தின்னும். மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் எனக்குப் பயம். ஆயில் போகும் துளைக்குள் ஒட்டிக்கொண்ட சில மணல் துகள் போதும், பேரிங்கையும் பிஸ்டனையும் முடித்துவிடும். பித்தளைக் கம்பி பிரஷ், பெயின்ட் ரிமூவர், ஃபின்களுக்கு (எஞ்சின் காற்றில் குளிர உதவும் மெல்லிய தகடுகள்) இடையில் சுருட்டிய உப்புத்தாள் என்று கையாலேயே செய்தேன். உப்புத்தாள் முதலில் 180 எண் (கரடு), முடிவில் 320 எண் (மென்மை). வெள்ளையாகப் பூத்திருந்த இடங்களைப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை விடவில்லை. ஒரு புள்ளி பூப்பு மிச்சமிருந்தாலும் அது புதுப் பூச்சுக்கு அடியில் பரவும்.

இரண்டு சின்ன வேலைகள் மிகவும் உதவின. ஒன்று, சுத்தம் செய்த பாகத்தின்மேல் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது. தண்ணீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. இரண்டு, தின்னரால் துடைத்து, அதன் ஆவி முழுக்கப் போன பிறகு ஹீட் கன் வைத்து மெதுவாகச் சூடு காட்டுவது. போல்ட் துளைகளிலிருந்தும் வார்ப்பின் நுண்துளைகளிலிருந்தும் எண்ணெய் வியர்த்து வரும். ஆறவிட்டு மறுபடி துடைக்க வேண்டும். எனக்கு மூன்று தடவை வந்தது. அதன்பின் வெறும் கை படவே கூடாது.

வெறும் அலுமினியத்தில் பெயின்ட் நேராகப் பிடிப்பது கஷ்டம், காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஆக்சைடு படலம் வந்துவிடும். அதற்குத்தான் உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர். கவர்களுக்கும் கிராங்க்கேஸுக்கும் அதை அடித்தேன். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் அடிக்கவில்லை. பல எட்ச் பிரைமர்கள் அந்தச் சூட்டைத் தாங்காது, பிரைமர் விட்டால் மேலே இருக்கும் பெயின்ட் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

மாஸ்கிங் டேப் ஒட்டும்போது எல்லோரும் கேஸ்கட் முகத்தையும் பிளக் துளையையும் நினைவில் வைப்பார்கள். எர்த் ஒயர் உட்காரும் இடம், பிரீதர் துளை, போல்ட் தலை அழுத்தும் வட்டம் இவற்றை மறப்பார்கள். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி, போல்ட் தளர்ந்துவிடும். எஞ்சின் எண் பொறித்த இடத்தில் உப்புத்தாளே போடாமல், மிக மெல்லிசாக ஒரு படலம் மட்டும் விட்டேன். அந்த எண் எப்போதும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

காற்றில் ஈரம் இல்லாத நாளாகப் பார்த்து, டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, ஒரே வீச்சில் நீட்டி அடிக்காமல், ஃபின்களின் உள்பள்ளத்தை முதலில் நான்கு பக்கத்திலிருந்தும் சாய்த்து அடித்தேன். வெளி முகம் கடைசியில். 20–25 சென்டிமீட்டர் தூரம், பத்து நிமிட இடைவெளி, மூன்று மெல்லிய கோட்டிங். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்ததை அடி, தவறினால் ஏழு நாள் பொறு என்று டின்னில் இருந்தது. மேக்னட் கவரில் ஒரு இடம் விட்டுப்போனதை மறுநாள் பார்த்து, அதன்மேல் அடித்தேன். பூச்சு தோல்போலச் சுருங்கிவிட்டது. அந்தக் கவரை மட்டும் முதலிலிருந்து செய்தேன்.

கறுப்பு அடித்தால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகுமா என்று பலர் கேட்கிறார்கள். பளபளப்பான வெறும் அலுமினியத்தைவிடக் கறுப்புப் பூச்சு வெப்பத்தை நன்றாகவே வெளியே கதிர்வீசும். ஓடும் வண்டியில் வெப்பத்தைப் பெரும்பாலும் எடுத்துப்போவது காற்று. மெல்லிய பூச்சு ஒன்றும் செய்யாது. தடிமனாக அடித்து ஃபின் இடுக்கை அடைத்தால்தான் கெடுதல்.

கவர்களைச் சமையலுக்கு இனி எடுக்காத பழைய ஓவனில், டின்னில் சொன்னபடி 93 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தேன். சாப்பாடு சூடாக்கும் ஓவனில் இதைச் செய்யவே கூடாது. ஹெட்டையும் சிலிண்டரையும் பூட்டிய பிறகு எஞ்சின் சூட்டிலேயே வேக வைத்தேன். எதிரில் ஃபேன் வைத்து பத்து நிமிடம் ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, பிறகு இருபது நிமிடம், மறுபடி ஆறவிட்டு, அதன்பின் ஒரு சின்ன ஓட்டம். நின்ற இடத்தில் ஃபேன் இல்லாமல் ஓடவிட்டால் இந்த எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு வாரம் தண்ணீரும் பெட்ரோலும் படவிடவில்லை.

ஐந்து வருடம் கழித்து இப்போதைய நிலை. ஃபின்கள் நன்றாக இருக்கின்றன. எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேலே இரண்டு ஃபின்கள் மட்டும் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருக்கின்றன, உரியவில்லை. கிராங்க்கேஸில் பெட்ரோல் எத்தனையோ முறை சொட்டியிருக்கிறது. ஒரு முறை இரவு முழுக்க ஊறிய இடத்தில் பளபளப்பு கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். செயின் ஆயில் தெறிக்கும் ஸ்பிராக்கெட் கவரை மண்ணெண்ணெய் வைத்து எத்தனை முறை துடைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை.

பெயின்ட் தோற்றுப்போன இடங்கள் மூன்று. கியர் லீவர் பக்கம் ஷூ உரசி உரசி, இரண்டாம் வருடமே ஒரு நாணய அளவுக்கு அலுமினியம் வெளியே வந்துவிட்டது. இதற்கு எந்த எனாமலும் நிற்காது என்று நினைக்கிறேன். அடுத்தது கிராங்க்கேஸின் முன்பக்கம், முன் சக்கரம் கல்லை வாரி அடிக்கும் இடம். கல்பட்ட புள்ளி சிறிதுதான், ஆனால் கவனிக்காமல் ஒரு மழைக்காலம் விட்டால் அதன் ஓரத்துக்கு அடியில் வெள்ளைப் பூப்பு நுழைந்து சுற்றி அரை அங்குலம் தூக்கிவிடுகிறது. இப்போதெல்லாம் புள்ளியைப் பார்த்தவுடன் சுரண்டி, தின்னரால் துடைத்து, டின்னிலிருந்து மூடியில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்துச் சிறு பிரஷ்ஷால் வைத்துவிடுகிறேன். மூன்றாவது போல்ட் தலைகள். டேப்பட் செட் செய்ய ஸ்பேனர் வைத்த முதல் நாளே உதிர்ந்துவிட்டன. அவற்றுக்கு பெயின்ட் அடித்திருக்கவே வேண்டாம், அடுத்த முறை அடிக்கப்போவதில்லை.

பராமரிப்பென்று தனியாக ஒன்றும் கிடையாது. சூடான எஞ்சினில் தண்ணீர் அடிப்பதில்லை. காரமான டிகிரீசர் வேண்டாம், மிதமான சோப்பு போதும்.

இன்னும் ஒரு வருடத்தில் பிஸ்டன் ரிங் மாற்ற எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும். அப்போது ஹெட்டையும் சிலிண்டரையும் இதே எனாமலில் நானே அடிப்பேன். கிராங்க்கேஸையும் இடது கவரையும் மட்டும், முறையான ஸ்ப்ரே அறை வைத்திருப்பவரிடம் கொடுத்து இரண்டு பாக பெயின்ட் போடப்போகிறேன். ஷூ உரசும் இடத்தில் அது எத்தனை வருடம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.